ஜன்னலைத் திறந்து வைத்தால் வீடு தப்புமா?

கேள்வி: என் மகள் ஓக்லஹோமா மாநிலத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. மூன்று மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில், ஒரு தோழியுடன் தங்கியிருக்கிறாள். போன மாதம் ஒரு மாலையில் டொர்னாடோ சைரன் ஊதியிருக்கிறது. இருவரும் பால்கனியில் நின்று மேகத்தை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார்கள். அன்று அந்தப் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. கேட்டால், "ஜன்னலையெல்லாம் திறந்து வெச்சிட்டா வீடு வெடிக்காதுப்பா, பயப்படாதீங்க" என்கிறாள். புயல் எனக்குத் தெரியும், நாலைந்து பார்த்தவன். இது என்ன வகைக் காற்று? எப்படி உருவாகிறது? படங்களில் ஒரு வீடு தரைமட்டமாகக் கிடக்க, பக்கத்து வீட்டில் பூந்தொட்டிகூட அப்படியே இருக்கிறதே, அது எப்படி? நான் பயப்படுவது நியாயம்தானா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மாநிலத்தில் குடியிருப்பதற்காகப் பயப்பட வேண்டாம். அந்தப் பால்கனிக்காகக் கொஞ்சம் பயப்படலாம். காற்று உடைத்துப் போட்ட கட்டடங்களைப் பார்த்து, எது முதலில் விட்டது, எது கடைசிவரை நின்றது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த வேலையிலிருந்துதான் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த புயல் கடலில் பிறப்பது. பல நூறு கிலோமீட்டர் அகலம் இருக்கும். கரைக்கு வர நாட்கணக்கில் எடுத்துக்கொள்ளும். நமக்கும் அத்தனை நாள் அவகாசம் கிடைக்கும். டொர்னாடோ ஒரே ஓர் இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து தரைவரை நீளும் காற்றுத் தூண். பெரும்பாலும் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் அகலம். ஆயுளும் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள். தமிழில் நாம் இரண்டையும் 'சூறாவளி' என்றே எழுதிவிடுகிறோம், பாதிக் குழப்பம் அங்கேயே வந்துவிடுகிறது. 'சூறை' என்ற பழைய சொல்லுக்குச் சுழல்காற்று என்றும் கொள்ளை என்றும் இரண்டு பொருள் உண்டு. டொர்னாடோ போன தெருவில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும்.

எப்படி உருவாகிறது? வசந்த காலத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக் காற்று தரையை ஒட்டி வடக்கே வருகிறது. மேற்கே உள்ள உயரமான வறண்ட நிலங்களிலிருந்து சூடான உலர்காற்று வந்து அதன்மேல் மூடி போட்டதுபோல் படுத்துக்கொள்கிறது. அதற்கும் மேலே குளிர்ந்த காற்று. கீழே இருக்கும் ஈரக் காற்று மேலே போகத் துடிக்கிறது, மூடி விடுவதில்லை. காலையிலிருந்து வெயில் ஏற ஏற அழுத்தம் கூடிக்கொண்டே போகும். மூடி எங்காவது ஓரிடத்தில் விட்டதென்றால், அதுவரை அடைபட்டுக் கிடந்தது அத்தனையும் அந்த வழியாகப் பாயும். ஒரு மணி நேரத்துக்கு முன்பு வெறும் நீலமாக இருந்த வானத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் எழும்பி நிற்கும். மாலை நான்கு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அங்கே எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை சொன்னது வெறும் இடிமழைக்குப் போதும். டொர்னாடோவுக்குச் சுழற்சி வேண்டும். ஒரு பென்சிலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே படுக்கவைத்து, மேல் கையை மட்டும் வேகமாக முன்னே தள்ளிப் பாருங்கள். பென்சில் உருளும். வானத்திலும் அதுதான். தரையில் காற்று தென்கிழக்கிலிருந்து மெதுவாக வீசுகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து வெகு வேகமாக வீசுகிறது. இரண்டுக்கும் இடையில் இருக்கும் காற்று, கண்ணுக்குத் தெரியாத உருளைகளாகப் படுத்தபடி உருள்கிறது. மேகத்துக்குள் பாயும் காற்று அந்த உருளையை நடுவில் பிடித்துத் தூக்கி நிமிர்த்திவிடுகிறது. படுத்து உருண்டது இப்போது நின்று சுழல்கிறது. சில கிலோமீட்டர் அகலத்துக்கு மேகமே மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். இந்த வகை மேகத்தைத்தான் சூப்பர்செல் என்கிறார்கள். அகலமான, பலமான டொர்னாடோக்கள் ஏறக்குறைய எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

ஆனால் இன்னும் தரையில் ஒன்றும் இல்லை. அடுத்தது நுணுக்கமான கட்டம். மேகத்தின் பின்புறம் மழையோடு குளிர்ந்த காற்று கீழே இறங்கி, சுற்றி வளைத்துக்கொண்டு முன்னே வரும். அது தரையை ஒட்டி ஒரு சுழற்சியை உண்டாக்குகிறது. அந்தச் சுழற்சி மேலே இழுக்கும் காற்றுக்கு நேர் கீழே போய் மாட்டிக்கொண்டால், மேல்நோக்கி நீட்டப்பட்டு, மெலிந்து, வேகமெடுக்கும். சுழல் நாற்காலியில் கையை விரித்துச் சுற்றுகிறவர் கையை மடக்கியதும் வேகமாகச் சுற்றுவாரே, அதே கணக்கு. இறங்கி வரும் காற்று ரொம்பக் குளிர்ந்திருந்தால் கனமாகித் தரையோடு பரவிவிடும், ஒன்றும் நடக்காது. பெரும்பாலான சூப்பர்செல்கள் டொர்னாடோ எதையும் இறக்காமலே கலைந்துபோகின்றன. ரேடாரில் ஒரே அச்சாகத் தெரியும் இரண்டு மேகங்களில் ஒன்று இறக்கும், மற்றது இறக்காது. எது என்று முன்கூட்டி அடித்துச் சொல்லும் வித்தை இதுவரை யாருக்கும் கைவரவில்லை.

அன்று சைரன் ஊதியும் ஒன்றும் நடக்காததற்குக் காரணம் இதுதான். டாப்ளர் ரேடார் மேகத்துக்குள் இருக்கும் சுழற்சியைக் காட்டுகிறது. தரையில் என்ன நடக்கிறது என்பதைத் தூரத்திலிருந்து நிச்சயமாகக் காட்டாது. பூமி வளைவாக இருப்பதால், தூரம் போகப் போக ரேடாரின் கதிர் தரையைவிட்டு மேலே மேலே போய்விடும். பார்க்கிறவர் கையில் சராசரியாகப் பத்து நிமிடம் அளவுக்குத்தான் அவகாசம். உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று காத்திருந்தால் அந்தப் பத்தும் போய்விடும். அதனால் சுழற்சியைப் பார்த்ததுமே எச்சரிக்கை விடுகிறார்கள். விடுவதில் பாதிக்கு மேல் வெறும் எச்சரிக்கையாகவே முடிகிறது. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு காலத்தில் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? 1880களின் பிற்பகுதியிலிருந்து 1938 வரை, மக்கள் பீதியடைவார்கள் என்று சொல்லி, அமெரிக்க வானிலை முன்னறிவிப்புகளில் 'டொர்னாடோ' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று தடை இருந்தது. அந்தத் தடைக் காலத்தில்தான், 1925 மார்ச் 18 அன்று, மிசௌரி, இல்லினாய், இண்டியானா என மூன்று மாநிலங்களில் சுமார் 350 கி.மீ. தூரத்தை மூன்றரை மணி நேரத்தில் ஒரே டொர்னாடோ கடந்தது. 695 பேர் இறந்தார்கள். முதல் ஊரில் அடித்தது அடுத்த ஊருக்குத் தெரிவதற்குள் அங்கேயும் அடித்துவிட்டது.

கதையை மாற்றியது உங்கள் மகள் இருக்கும் ஓக்லஹோமாதான். 1948 மார்ச் 20 அன்று அங்குள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டொர்னாடோ தாக்கியது. அங்கே பணியில் இருந்த ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு வானிலை அதிகாரிகள் பழைய வரைபடங்களை உட்கார்ந்து அலசினார்கள். ஐந்தாம் நாள், மார்ச் 25, காலை வரைபடத்தைப் பார்த்தால் அதே அமைப்பு! தயங்கித் தயங்கி, இன்று டொர்னாடோ வரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். விமானங்களை முன்கூட்டியே பத்திரப்படுத்தினார்கள். மாலையில் அதே தளத்தின் மேலேயே வந்து இறங்கியது. ஐந்து நாளில் ஒரே இடத்தில் இரண்டாவது முறை. இதில் அறிவியல் பாதி, அதிர்ஷ்டம் பாதி என்பது என் எண்ணம். ஆனால் அதற்குப் பிறகு "முன்கூட்டிச் சொல்லவே முடியாது" என்று யாரும் சொல்லத் துணியவில்லை.

இப்போது சேதத்துக்கு வருகிறேன். இது என் பேட்டை என்பதால் கொஞ்சம் நீளும்.

ஜன்னலைத் திறந்து வைக்கும் யோசனை மிகப் பழையது. டொர்னாடோவின் நடுவில் காற்றழுத்தம் சட்டென்று குறைகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்று வெளியே தள்ளுவதால் வீடு வெடிக்கிறது. ஜன்னலைத் திறந்துவிட்டால் உள்ளும் புறமும் சமமாகிவிடும் என்பது அதன் தர்க்கம். அழுத்தம் குறைவது உண்மைதான். 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோடாவில் மான்செஸ்டர் என்ற சிற்றூர் அருகே, டிம் சாமராஸ் என்ற ஆய்வாளர் தரையோடு தட்டையாக ஒட்டிக்கொள்ளும் ஒரு கருவியை டொர்னாடோவின் பாதையில் வைத்துவிட்டு விலகினார். அது நேராக மேலேயே கடந்தது. கருவி பதிவு செய்த வீழ்ச்சி 100 மில்லிபார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. சின்ன விஷயமல்ல. ஆனால் எந்த வீடும் காற்று புகாத டப்பா இல்லை. கதவிடுக்கு, பரண், புகைபோக்கி, காற்றுத் துவாரம் என்று ஆயிரம் வழி இருக்கிறது. அதுவும் போதாதென்றால், அழுத்தம் குறைவதற்குள் பறந்து வரும் பொருட்கள் ஜன்னலை உடைத்து வேலையை முடித்துவிடும். நாம் போய்த் திறக்க வேண்டியதே இல்லை.

உண்மையில் வீடு இப்படித்தான் பிரிகிறது. காற்றடிக்கும் பக்கத்தில் ஏதோ ஒன்று முதலில் விடுகிறது. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் அது கார் நிறுத்தும் அறையின் கதவு. இரண்டு கார் அகலக் கதவு என்றால் பத்துச் சதுர மீட்டர் வரும். மணிக்கு 135 கி.மீ. காற்றில் அதன்மேல் விழும் சுமை தோராயமாக 850 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்கு, 270 கி.மீ.யில் அதே கதவின்மேல் மூன்றரை டன் நிற்கும். கதவு உள்ளே மடிகிறது, காற்று உள்ளே புகுகிறது. வெளியே கூரைக்கு மேலே பாயும் காற்று கூரையை மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே புகுந்தது கீழிருந்து தள்ளுகிறது. கூரை எழும்புகிறது. மரச்சட்ட வீட்டில் சுவர்களை நிமிர்த்திப் பிடித்திருப்பதே கூரைதான். அது போனதும் சுவர்கள் சீட்டுக்கட்டு போல வெளிப்பக்கமாகச் சாய்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வீடு வெடித்தது போலத்தான் தெரியும். இப்போது யோசித்துப் பாருங்கள்: ஜன்னலைத் திறந்து வைப்பது என்றால், கதவு உடைவதற்கு முன்பே காற்றை வாசலில் நின்று வரவேற்பது. அதோடு, இருக்கும் பத்து நிமிடத்தில் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பதற்கு ஒரு காரணத்தையும் உண்டாக்கிக்கொள்கிறோம்.

ஒரு சேத ஆய்வில் நான் பார்த்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. வீடு இருந்த இடத்தில் வெறும் சிமென்ட் தளம். தளத்தின் ஓரம் முழுக்கச் சுவரின் அடிக்கட்டையைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட்டுகள் வரிசையாக, வளையாமல், நேராக நின்றுகொண்டிருந்தன. குனிந்து பார்த்தால் ஒன்றில்கூட நட்டு முடுக்கப்பட்ட தடம் இல்லை. கட்டியவர்கள் போட மறந்திருக்கிறார்கள், அல்லது நாளைக்குப் போடலாம் என்று விட்டிருக்கிறார்கள். அந்த வீடு பிய்த்துக்கொண்டு போகவில்லை, சறுக்கிக்கொண்டு போயிருக்கிறது. நடுவில் இருந்த குளியலறை மட்டும் மூன்று சுவர்களோடு நின்றது. கண்ணாடிக்குக் கீழே குவளையில் இரண்டு பல் தேய்க்கும் பிரஷ்கள்.

அதனால்தான் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒன்று போய் ஒன்று நிற்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஒரு பாதி, இப்படி ஆணியிலும் நட்டிலும் இருக்கிறது. மறு பாதியைக் கண்டுபிடித்தவர் டெட்சுயா ஃபுஜிட்டா. ஜப்பானில் பிறந்தவர், 1945-இல் ஹிரோஷிமா, நாகசாகி இடிபாடுகளில் மரங்கள் சாய்ந்து கிடந்த திசைகளை ஆராய்ந்தவர், பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு டொர்னாடோ போன வயல்களை விமானத்திலிருந்து படமெடுத்தார். சோள வயலில் கோலம் போட்டதுபோல் வளைய வளையமான தடங்கள் தெரிந்தன. பெரிய சுழலுக்குள்ளே சிறு சிறு சுழல்கள் ஓடுகின்றன என்று அதை வைத்துச் சொன்னார். பெரிய சுழலின் வேகமும் சிறு சுழலின் வேகமும் ஒரே பக்கம் சேரும் இடத்தில் எந்த வீடு அகப்படுகிறதோ அது காலி. முப்பது நாற்பது மீட்டர் தள்ளி இருப்பது ஓடு பெயர்ந்ததோடு பிழைக்கும். உங்கள் பூந்தொட்டிக்கு விளக்கம் இதுதான்.

டொர்னாடோவின் பலத்தைத் தர வரிசைப்படுத்தும் அளவுகோலும் 1971-இல் அவர் வகுத்ததே. 2007-இலிருந்து அதைத் திருத்தி, இஎஃப்0 முதல் இஎஃப்5 வரை என்று பயன்படுத்துகிறார்கள். இஎஃப்0 மணிக்கு 105 கி.மீ.யில் தொடங்குகிறது, இஎஃப்5 என்றால் 322 கி.மீ.க்கு மேல். பத்திரிகைகளில் பலரும் தவறவிடும் ஒரு விஷயம்: இது காற்றை அளந்து தரும் எண் அல்ல. எது உடைந்தது, எப்படி உடைந்தது என்று பிறகு போய்ப் பார்த்து, காற்று இவ்வளவு இருந்திருக்கும் என்று மதிப்பிடும் எண். உடைவதற்கு ஒன்றும் இல்லாத வெளியில் போனால் எண்ணும் குறைந்துவிடும். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவில் எல் ரீனோ ஊருக்கு அருகே வந்தது 4.2 கி.மீ. அகலம், இதுவரை பதிவானவற்றிலேயே பெரியது. நடமாடும் ரேடார் அதில் மணிக்கு 480 கி.மீ. அளவுக்குக் காற்றைப் பார்த்தது. பெரும்பாலும் வயல்வெளியில் போனதால் தரம் இஎஃப்3.

அந்த எல் ரீனோவில்தான், மேலே சொன்ன டிம் சாமராஸ் இறந்தார். மகன் பாலும் உடன்பணியாற்றிய கார்ல் யங்கும் கூடவே. துணிச்சலுக்காகத் துணிந்தவர்கள் அல்ல, இருபது வருடப் பழக்கமும் எச்சரிக்கையும் உள்ளவர்கள். டொர்னாடோ திடீரென்று திசை மாறி, அகலமாகி, வேகமெடுத்துவிட்டது. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு ஓடலாம் என்ற கணக்கு அவர்களுக்கே தப்பியது.

பால்கனியில் நின்று பார்ப்பதில் வேறு சிக்கல்களும் உண்டு. நாம் பார்க்கும் புனல், நீராவி குளிர்ந்து மேகமானது. காற்று அதற்கு முன்பே தரையைத் தொட்டிருக்கலாம். புனல் பாதியில் தொங்குவதுபோல் தெரிந்தாலும் கீழே புழுதி சுழன்றுகொண்டிருக்கும். பல சமயம் மழைத்திரை சுற்றி மூடிக்கொள்ளும், கரிய மழை வருகிறது என்றுதான் நினைப்போம். இரவில் எதுவுமே தெரியாது. இன்னொன்று: அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதுபோலவும் மெதுவாகப் பெருப்பதுபோலவும் தெரிகிற டொர்னாடோ, நம்மை நோக்கி வருகிற டொர்னாடோ. கைப்பேசித் திரையில் அது மிக அழகாக இருக்கும்.

உயிரிழப்பில் பெரும்பகுதி பறந்து வரும் பொருட்களால்தான். பாதுகாப்பு அறைகளைச் சோதிக்கும்போது ஏழு கிலோ அளவு எடையுள்ள ஒரு மரச்சட்டத்தை மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் சுவர்மேல் எய்து பார்ப்பார்கள். சாதாரண மரச்சட்ட வீட்டுச் சுவரில் அது அட்டையைத் துளைப்பதுபோல் நுழைந்து மறுபக்கம் வரும். லேசான பொருட்கள் இன்னொரு விதம். 2021 டிசம்பர் 10 இரவு கென்டக்கியில் அடித்த டொர்னாடோ, டாசன் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஒரு வீட்டிலிருந்த பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், சுமார் 200 கி.மீ. தள்ளி இண்டியானாவில் ஒரு காரின் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனது. பின்பக்கம் 1942 என்று எழுதியிருந்தது.

1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தில் தௌலத்பூர், சாட்டூரியா பகுதியில் அடித்த டொர்னாடோவில் சுமார் 1,300 பேர் இறந்ததாகக் கணக்கு. உலகில் ஒரே டொர்னாடோவில் இதுவரை இறந்தவர்களில் அதிகம். அங்கே தகரமும் மண்சுவரும், ஒதுங்க இடமில்லை. 2011 மே 22 அன்று மிசௌரியில் ஜாப்ளின் நகரில் 158 பேர். அங்கே ரேடார் இருந்தது, சைரனும் ஊதியது. பின்னர் நடந்த அரசு ஆய்வில் தெரியவந்தது, முதல் சைரனுக்குப் பெரும்பாலானவர்கள் உடனே ஒதுங்கவில்லை என்பதுதான். வானத்தைப் பார்த்தார்கள், டிவியைப் போட்டார்கள், இரண்டாவதாக ஓர் அறிகுறிக்குக் காத்திருந்தார்கள். அடிக்கடி கேட்டுப் பழகிய சத்தம்; சும்மா ஊதுகிறது என்று விட்டுவிட்டார்கள். உங்கள் மகளுக்கும் ஏற்கெனவே ஒருமுறை சும்மா ஊதியாகிவிட்டது.

ஆகவே அவள் செய்ய வேண்டியது சைரன் ஊதும் நாளில் இல்லை, இந்த வாரமே. இரண்டாவது மாடி ஆகாது. தரைத்தளத்தில் குடியிருப்பவர் யாரிடமாவது பேசிவைக்க வேண்டும்: "எச்சரிக்கை வந்தால் உங்கள் குளியலறைக்கு வரலாமா?" அங்கே இப்படிக் கேட்பதை யாரும் வித்தியாசமாக நினைக்கமாட்டார்கள். குடியிருப்பில் பாதுகாப்பு அறை இருக்கிறதா என்று நிர்வாகத்திடமும் கேட்கட்டும். வேண்டியது கீழ்த்தளம், கட்டடத்தின் நடு, ஜன்னல் இல்லாத சின்ன அறை. அறை சிறியதாக இருந்தால் சுவர்கள் ஒன்றையொன்று தாங்கும், நான் பார்த்த அந்தக் குளியலறை நின்றது அதனால்தான். தலைக்கு ஒரு ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட் போதும். காலில் ஷூ. காற்று போனபின் தெருவெல்லாம் ஆணியும் கண்ணாடியும்தான் கிடக்கும், செருப்போடு வெளியே வந்து காலைக் கிழித்துக்கொண்டவர்கள் ஏராளம். சைரன் வீட்டுக்குள் தூங்குகிறவர்களுக்காக வைத்தது அல்ல, வெளியில் இருப்பவர்களுக்காக. இரவில் கைப்பேசியில் அவசர எச்சரிக்கை ஒலியை அணைத்து வைக்கக் கூடாது.

காரில் இருக்கும்போது வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கக் கூடாது. 1991-இல் கான்சாஸில் ஒரு தொலைக்காட்சிக் குழு அப்படி ஒதுங்கித் தப்பிய வீடியோ உலகம் முழுக்க ஓடியது, பலரும் அதை வழியென்று நம்பினார்கள். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மேம்பாலங்களுக்கு அடியில் ஒதுங்கியவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தடியில் காற்று ஒடுங்கி இன்னும் வேகமாகப் பாயும். பறந்து வருவதெல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

பயத்துக்கு ஓர் அளவு சொல்லவேண்டுமல்லவா? அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 1,200 டொர்னாடோக்கள் பதிவாகின்றன. பெரும்பாலானவை இஎஃப்0, இஎஃப்1. கூரை ஓடு, வேலி, மரக்கிளையோடு முடிந்துவிடும். பலத்த டொர்னாடோவாக இருந்தாலும் ஊரின் நடுவே ஒரு கோடு கிழிப்பதுபோல்தான் போகும். ஓக்லஹோமாவிலேயே பிறந்து வளர்ந்து, ஒன்றைக்கூட நேரில் பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அங்கே எச்சரிக்கை என்று தெரிந்ததும் கை தானாக போனுக்குப் போகும். அந்தப் பத்து நிமிடம் கூப்பிடாதீர்கள். மணி அடித்தால் அவள் எடுப்பாள், எடுத்தால் "இங்க பாருங்கப்பா" என்று ஜன்னல் பக்கம் போவாள். கீழே போய்க் கதவைச் சாத்தியதும் ஒரே ஒரு வார்த்தை அனுப்பச் சொல்லுங்கள், 'உள்ளே' என்று. முடிந்தபின் 'வெளியே' என்று இன்னொன்று. நடுவில் உங்களுக்குத் தூக்கம் வராது. அவளுக்கு அது தெரிய வேண்டாம்.